ஃப்ரீஸ்டைலில் காலுக்கு என்ன வேலை?

குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலில் ஒரு லெங்த், அதாவது 25 மீட்டர், போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கினால் ஸ்டாமினா போதவில்லை என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். தினமும் காலையில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கும் குளத்தில் இதே கதிதான். ஓட்டத்தில் வராத திணறல் தண்ணீரில் மட்டும் வருகிறதென்றால் உடம்பு எங்கோ வீணாக உழைக்கிறது என்று பொருள். பெரியவர்களான பிறகு நீச்சல் கற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்த இடம் கால்தான்.

தொடைத்தசையும் பிட்டத்தசையும் உடம்பிலேயே பெரியவை. அவற்றை விடாமல் இயக்கினால் ஆக்சிஜன் மளமளவென்று செலவாகும், இதயத்துடிப்பு சட்டென்று ஏறும். ஆனால் ஃப்ரீஸ்டைலில் உடம்பை முன்னே கொண்டுபோவதில் பெரும்பங்கு கைகளுடையது. 50 மீட்டர் போட்டியில் பாய்கிறவருக்கே அப்படித்தான். 400, 800 மீட்டர் நிதானமாக நீந்துகிறவருக்குக் காலால் கிடைக்கும் உந்துதல் இன்னும் சொற்பம். வரவு குறைவு, செலவு அதிகம். இதைத் தெரிந்துகொண்டுதான் காலைப் பற்றிப் பேசவே தொடங்க வேண்டும்.

அப்படியானால் காலை ஆட்டாமலே விட்டுவிடலாமா? விட்டால் அமிழ்ந்துவிடும். நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சுப்பகுதி மிதக்கும். எடையோ இடுப்பை ஒட்டிக் குவிந்திருக்கிறது. மிதப்பு ஓரிடத்திலும் பாரம் இன்னோரிடத்திலுமாக இருப்பதால், குப்புறப் படுத்த உடம்பு தானாகவே கால்பக்கம் சாயும். ஒல்லியான, தசைக்கட்டுள்ள ஆண்களுக்கு இது இன்னும் கூடுதல். கால் ஓர் அடி ஆழம் இறங்கிவிட்டாலே போதும், தலையும் தோளும் திறந்துகொடுத்த வழியில் பின்னால் வர வேண்டிய இடுப்பும் தொடையும் தனியாகத் தண்ணீரை முட்டித் தள்ளத் தொடங்கிவிடும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி கொண்டது. வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். தடுப்பைக் குறைப்பதில் கிடைக்கும் லாபம், பலத்தைக் கூட்டிக் கிடைக்கும் லாபத்தைவிட மலிவானது.

ஆகவே காலின் முதல் வேலை, கைகள் செய்யும் வேலையைக் கெடுக்காமல் இருப்பது. உடம்பைத் தண்ணீர்மட்டத்துக்கு இணையாகப் பிடித்துவைப்பது, இடுப்பு இடமும் வலமும் உருள்வதற்கு ஒரு தட்டு தட்டிக்கொடுப்பது, அதற்கும் பிறகுதான் முன்னே தள்ளுவது. கோச் இல்லாமல் கற்கிறவர்கள் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கிணற்றிலும் ஆற்றிலும் நீச்சல் பழகியவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதுகில் சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு இறங்கி, தண்ணீர் பயமே இல்லாமல் வளர்ந்தவர்கள். பாதி நீச்சல் பயம் தெளிவதில்தான் இருக்கிறது என்பதால் அது பெரிய சொத்து. ஆனால் கிணற்றில் பத்து மீட்டருக்குள் சுவர் வந்துவிடும். மேலிருந்து யார் குதிக்கிறார்கள் என்று பார்க்கத் தலை வெளியே இருந்தாக வேண்டும். தலை நிமிர்ந்தால் கால் இறங்கும், இறங்கிய காலைத் தூக்க முழங்காலை மடக்கித் தபதபவென்று அடித்தாக வேண்டும். அந்த இடத்துக்கு அது சரியான நீச்சல். அதையே 50 மீட்டர் குளத்தில் தொடர்ந்தால் பாதி வழியிலேயே தொடை கனத்துப்போகும். இவர்கள் முதலில் மாற்ற வேண்டியது தலையின் நிலையை. கிக் அதற்குப் பிறகு பாதி தானாகவே திருந்திவிடும்.

தலை நான்கைந்து கிலோ எடையுள்ளது. அது தண்ணீருக்குள் கிடக்கும்வரை அந்த எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். வெளியே தூக்கினால் உடம்பு சுமக்க வேண்டும். முகத்தை உள்ளே வைத்து, குளத்தின் தரையில் தனக்கு நேர்கீழேயோ ஒரு முழம் முன்னாலோ பார்த்தபடி நீந்தினால் இடுப்பு மேலே வரும். மூச்சை அடக்கிவைக்காமல், முகம் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குமிழியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடக்கிவைத்தால் நெஞ்சு மட்டும் மேலே எழும்பி, கால் இன்னும் இறங்கும். மூச்சுக்காக முகத்தைத் திருப்பும்போது விடவும் இழுக்கவும் ஒரே நொடிக்குள் நேரம் போதாது.

உங்கள் கால் உதவுகிறதா, தடுக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு புல் பாயும் (pull buoy, தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொள்ளும் மிதவை) சுவரில் ஒரு கடிகாரமும் போதும். நன்றாக உடம்பைச் சூடாக்கிய பிறகு, மிதமான முயற்சியில் 100 மீட்டர் நீந்தி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் ஓய்வு. பிறகு தொடைகளுக்கிடையில் புல் பாயை வைத்து, காலை அசைக்காமல், அதே முயற்சியில் இன்னொரு 100 மீட்டர். புல் பாயோடு ஐந்து, பத்து நொடி வேகமாக வந்துவிட்டால் உங்கள் கால் இறங்கிக் கிடக்கிறது, அல்லது அடிக்கிற அடியே தடையாக இருக்கிறது. இரண்டு நேரமும் ஏறக்குறைய ஒன்றானால் சமநிலை சரியாக இருக்கிறது. புல் பாய் இல்லாதபோது வேகம் கூடினால் உங்கள் கிக் உண்மையிலேயே தள்ளுகிறது. முதல் வகையில் இருப்பவர்களுக்குப் புல் பாயோடு நீந்துவது சுகமாக இருக்கும். அந்தச் சுகத்துக்குப் பழகிவிட வேண்டாம். நோயைக் காட்டும் கருவியாக வைத்துக்கொள்வது நல்லது.

இனி அடியின் அமைப்பு. மேலே போகும்போது கால் ஏறக்குறைய நேராக இருக்கும். பிட்டமும் பின்தொடையும் அதைத் தூக்குகின்றன. குதிகால் தண்ணீர்மட்டத்தைத் தொட்டதும் தொடை முதலில் கீழே திரும்பும். முழங்கால் அந்த நேரத்தில் தளர்ந்து கொஞ்சம் மடங்கும், நாமாக மடக்குவதில்லை. தொடை இறங்கத் தொடங்கிய பிறகுதான் கெண்டைக்கால் பின்தொடர்கிறது. பாதம் கடைசியில் வருகிறது. பாதம் இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கும்போதே தொடை மேலே திரும்பியிருக்கும். காலில் தொளதொளவென்று கிடக்கும் செருப்பை உதறிவிடும்போது இடுப்பிலிருந்து விரல்நுனிவரை ஓர் அசைவு ஓடுகிறதே, அதுதான் இது. இரண்டு பாதங்களுக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம் ஓர் அடியிலிருந்து ஒன்றேகால் அடிவரை இருந்தால் போதும். பாதங்கள் சற்றே உள்நோக்கித் திரும்பி, பெருவிரல்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போக வேண்டும். உரசல் இருக்கிறதா என்று நீந்தும்போதே உணரலாம் என்பதால் இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

சத்தமும் ஓர் அடையாளம். பாதம் முழுதாக வெளியே வந்து தண்ணீரை அறைந்தால் 'தொப் தொப்' என்று கேட்கும், நிறையத் தெறிக்கும். காற்றை அடித்து ஒரு லாபமும் இல்லை. சரியான கிக்கில் குதிகாலுக்கு மேல் தண்ணீர் கொதிப்பது தெரியும், அவ்வளவுதான்.

முழங்காலை அதிகம் மடக்குவதுதான் எங்கும் காணும் தவறு. ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இது கைவந்த அசைவு என்பதால் விட்டுப்போகவும் நாளாகும். முழங்கால் மடங்கும்போது தொடை கீழ்நோக்கி முன்னே வருகிறது. அந்தத் தொடை நேராகத் தண்ணீரின் எதிரே நின்று, ஒவ்வோர் அடிக்கும் ஒரு பிரேக் போடுகிறது. தரையில் நின்று ஒருவர் பக்கவாட்டில் வீடியோ எடுத்துக் கொடுத்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்: உடம்பின் கோட்டுக்குக் கீழே தொடை எவ்வளவு இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள். இதற்காக முழங்காலை விறைத்துப் பிடிப்பதும் தவறு. கம்பாக விறைத்த கால் தண்ணீரை மேலும் கீழும் கிளறுமே ஒழிய பின்னால் தள்ளாது.

தள்ளும் வேலையைச் செய்வது பாதத்தின் மேற்பக்கம். கணுக்கால் நீண்டு, பாதம் கெண்டைக்காலின் நேர்கோட்டுக்கு வந்தால்தான் அந்தப் பரப்பு தண்ணீரைப் பின்னால் அனுப்பும். கணுக்கால் இறுகியிருந்தால் பாதம் கொக்கியாக நின்று தண்ணீரை முன்னால் தள்ளும். கிக்போர்டை, அதாவது மிதவைப் பலகையை, பிடித்துக்கொண்டு எவ்வளவு அடித்தாலும் அங்கேயே நிற்கிறவர்கள், சில நேரம் மெல்லப் பின்னாலேயே போகிறவர்கள்கூட உண்டு. அவர்களிடம் பலம் குறைவில்லை, கணுக்கால் நீளவில்லை.

வீட்டில் சோதித்துக்கொள்ளலாம். தரையில் கால்நீட்டி உட்கார்ந்து, முழங்காலைத் தரையோடு வைத்து, பாதத்தை முன்னால் நீட்டுங்கள். பெருவிரல் நுனிக்கும் தரைக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஸ்கேலால் அளந்து எழுதிவையுங்கள். நல்ல நீச்சல்காரர்களுக்கு விரல் தரையை நெருங்கிவிடும். நம் ஊரில் குத்துக்காலிட்டு வசதியாக உட்காருகிறவர்கள் தங்கள் கணுக்கால் நன்றாக வளையும் என்று நம்புவார்கள். ஆனால் அது பாதத்தை முன்காலை நோக்கி மடக்கும் அசைவு. கிக்குக்கு வேண்டியது அதற்கு நேரெதிர் அசைவு. அதற்கு வஜ்ராசனம்தான் கைவசம் இருக்கும் சிறந்த பயிற்சி. பாதத்தின் மேற்பக்கம் தரையில் படிய, குதிகால்மேல் உட்கார்ந்து 30 நொடியில் தொடங்கி ஒரு நிமிடம்வரை, ஒரு நாளைக்கு மூன்று முறை. பழகிய பிறகு கைகளைப் பின்னால் ஊன்றி முழங்காலைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைக் கையால் பிடித்து நீட்டிக்கொண்டால் போதும். மாற்றம் வாரக்கணக்கில் வராது, மாதக்கணக்கில் வரும்.

கத்தரிக்கோல் கிக் என்பது வேறொரு நோய். நேராக நீந்தும்போது ஒழுங்காக இருக்கும் கால், மூச்சுக்குத் திரும்பும் நொடியில் மட்டும் பக்கவாட்டில் அகலமாகப் பிளக்கும். நீந்துகிறவருக்கே இது தெரியாது. நடப்பதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். வலப்பக்கம் மூச்செடுக்கிறார், இடக்கை முன்னே நீண்டிருக்கிறது. மூச்சுக்காகத் தலையைத் திருப்புவதோடு நில்லாமல் தூக்குகிறார். தூக்குவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும், அதனால் இடக்கை தண்ணீரைக் கீழே அழுத்துகிறது. அழுத்தப்பட்ட கை சரிந்துபோகிறது, அல்லது மூக்குக்கு நேரே நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகிறது. தாங்கல் போன உடம்பு அளவுக்கு மீறி உருள்கிறது. கவிழாமல் இருக்க மூளை காலைப் பிளந்துவிடுகிறது. அந்தப் பிளவு நிகழும் அரை நொடியில் உடம்பு கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது.

இதைக் காலில் திருத்த முடியாது. 'காலைச் சேர்த்து வை' என்று கரையிலிருந்து கத்துவதில் பயனில்லை. கால் கவிழாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அதை எப்படிச் சேர்க்க முடியும்? திருத்த வேண்டியது முன்னே நீண்ட கையையும் தலையையும். கை தோளுக்கு நேரே நுழைந்து, தோளுக்கு நேரே நீள வேண்டும். மூச்செடுக்கும்போது நீச்சல் கண்ணாடியின் ஒரு கண் தண்ணீருக்குள்ளும் ஒரு கண் வெளியிலும் இருக்க வேண்டும். முன்னே நீண்ட கை, மூச்சு முடிந்து முகம் உள்ளே திரும்பும்வரை நீண்டே இருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்தால் பிளவு தானாக மூடிக்கொள்ளும்.

பழைய காலத்தில் இந்தப் பிளவு நீச்சலின் ஒரு பகுதியாகவே இருந்தது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய ட்ரட்ஜன் நீச்சலில் கைகள் மாறி மாறி மேலே வரும், கால் கத்தரிக்கோலாக வெட்டும். மேலும் கீழும் அடிக்கும் கிக்கோடு ஹவாயின் டியூக் கஹானமோக்கு 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றார். அதே வகை நீச்சலில் ஜானி வைஸ்முல்லர் 1922இல் 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதரானார். அன்றைக்குப் பிறகு கத்தரிக்கோலுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கிக்கின் எண்ணிக்கையை இரண்டு கைகளும் ஒருமுறை சுற்றி முடிப்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரு சுற்றுக்கு ஆறு அடி என்றால் சிக்ஸ் பீட், இரண்டு என்றால் டூ பீட். இடையில் ஃபோர் பீட்டும் உண்டு. 50, 100 மீட்டர் போட்டிக்காரர்கள் ஏறக்குறைய எல்லாருமே சிக்ஸ் பீட்தான். ஆஸ்திரேலியாவின் இயன் தோர்ப் 17ஆம் சைஸ் பாதத்தோடு 400 மீட்டரையும் சிக்ஸ் பீட்டில் நீந்தி, 2002இல் 3:40.08 என்ற உலக சாதனை செய்தார். அந்தப் பாதமும் அந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள் அதைப் பார்த்து 400 மீட்டருக்கும் சிக்ஸ் பீட் அடிக்கப் போனால் 75 மீட்டரிலேயே தொடை கைவிட்டுவிடும்.

தூரம் கூடக்கூட டூ பீட்டின் அருமை தெரியும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீந்தும் வழி சுமார் 30 கிலோமீட்டர். ஒரு கைவீச்சுக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டாலே 30,000 கைவீச்சு. டூ பீட்டில் ஒரு கைவீச்சுக்கு ஒரு கிக்காக 30,000 கிக். சிக்ஸ் பீட்டில் 90,000. 1971இல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் அந்தப் பாக் நீரிணையைப் போய்த் திரும்பவும் நீந்தினார். 1994இல் சிறுவனாக இருந்த குற்றாலீஸ்வரன் கடந்தார். அப்படிப்பட்ட தூரத்தில் காலுக்கு எவ்வளவு சிக்கனம் வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். உப்புநீர் உடம்பைக் கொஞ்சம் தூக்கியும் கொடுப்பதால் கடலில் கால் இன்னும் ஓய்வாக இருக்கலாம்.

உடல்நலத்துக்காக 500 மீட்டரிலிருந்து 2 கிலோமீட்டர்வரை நீந்தும் பெரியவர்களுக்கு நான் டூ பீட்டையே சொல்வேன். அதன் சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. வலக்கை தண்ணீருக்குள் நுழைந்து நீளும் அதே கணத்தில் இடக்கால் கீழே அடிக்க வேண்டும், இடக்கைக்கு வலக்கால். இடக்கால் அடி இடப்பக்க இடுப்பை மேலே தூக்கும், வலப்பக்க இடுப்பு இறங்கும், அந்த உருளலில் வலக்கை இன்னும் இரண்டு அங்குலம் முன்னே நீளும். அதே நேரத்தில் இடக்கை தண்ணீரைப் பிடித்து இழுக்கத் தொடங்கியிருக்கும். கை, இடுப்பு, எதிர்க்கால் மூன்றும் ஒரே சொடுக்கில் முடியும். அடிகளுக்கு நடுவில் கால்கள் நேராகச் சேர்ந்து சும்மா கிடக்கும்.

முதலில் கரையில் நின்று, வலக்கையை மேலே நீட்டும்போது இடக்கால் குதிகாலைத் தரையில் தட்டி, பக்கம் மாற்றி மாற்றிப் பழகுங்கள். பிறகு தண்ணீரில் சுவரைத் தள்ளி மிதந்து, ஆறு கைவீச்சு மட்டும், மூச்சே எடுக்காமல். அது ஒழுங்காக வந்த பிறகு 25 மீட்டர். மூச்செடுக்கும்போது கூடுதலாக ஒரு சின்ன அடி விழுந்துவிடுவது வழக்கம். முதல் இரண்டு வாரம் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். டூ பீட் எல்லாருக்கும் உடனே ஒத்துவராது. கால் மிக எளிதாக அமிழ்கிறவர்கள் தலையும் மூச்சும் திருந்தும்வரை மெல்லிய சிக்ஸ் பீட்டிலேயே இருக்கலாம்.

கிக் பயிற்சி என்றதும் எல்லாரும் கிக்போர்டைத் தேடுகிறார்கள். கிக்போர்டைக் கையில் பிடித்துத் தலையை நிமிர்த்தி அடித்தால் இடுப்பு வளைந்து கால் இறங்குகிறது. எந்தத் தவறைத் திருத்த வந்தோமோ அதையே பழக்குகிறோம். உடம்பும் உருள்வதில்லை. பயன்படுத்துவதானால் கையை நீட்டிப் பிடித்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூச்சுக்கு மட்டும் தூக்கலாம். முன்பக்க ஸ்நோர்க்கல் (முகத்துக்கு முன்னால் நிற்கும் மூச்சுக்குழாய்) இருந்தால் அதுவும் தேவையில்லை.

அதைவிட நல்லது பக்கவாட்டு கிக். ஒருக்களித்துக் கிடந்து, கீழ்ப்பக்கத்துக் கை முன்னே நீண்டிருக்க, மேல்பக்கத்துக் கை தொடைமேல் படிந்திருக்க, முகம் தரையைப் பார்க்க, ஆறு அடி. பிறகு ஒரு கைவீச்சில் மறுபக்கம் உருண்டு ஆறு அடி. மூச்சுக்கு முகத்தை மட்டும் திருப்புங்கள். நான்கு முறை 25 மீட்டர், ஒவ்வொன்றுக்கும் பிறகு 20 நொடி ஓய்வு. சமநிலையும் கிக்கும் உருளலும் ஒன்றாகப் பழகும்.

முழங்காலைத் தளர்த்த நின்ற நிலை கிக் போல வேறில்லை. குளத்தின் ஆழமான பக்கம், சுவரிலிருந்து கையெட்டும் தூரத்தில் நிமிர்ந்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, வாய் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி சிறிய வேகமான அடிகள். 20 நொடி அடி, 30 நொடி ஓய்வு, ஆறு முறை. சைக்கிள் மிதிப்பதாக மிதித்தால் அமிழ்ந்துவிடும். இடுப்பிலிருந்து முன்னும் பின்னும் சமமாக அடித்தால் மட்டுமே நிற்கும். காலை முன்னே அடிப்பதில் மட்டும் குறியாக இருந்து பின்னே இழுப்பதை மறந்தவர்களுக்கு இது உடனே உணர்த்திவிடும்.

பாதத்தில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ் வாங்குவதானால் குட்டையான ரப்பர் ஃபின்ஸ் வாங்குங்கள். நீளமானவை அடியின் வேகத்தைக் குறைத்து வேறொரு தாளத்துக்குப் பழக்கிவிடும். 50 மீட்டர் ஃபின்ஸோடு, உடனே கழற்றி 50 மீட்டர் இல்லாமல் என்று மாற்றி மாற்றிப் போனால் அந்த அசைவு காலில் தங்கும். காசே செலவில்லாத இன்னொரு கருவி பழைய சைக்கிள் டியூப். அதில் ஒரு துண்டை வளையமாக்கிக் கணுக்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டி 15 மீட்டர் நீந்திப் பார்த்தால் தலைநிலையின் சிறு பிழைகூட ஒளிந்துகொள்ள முடியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும், சுவரை ஒட்டிய லேனில், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது செய்ய வேண்டியது இது.

வாரம் மூன்று நாள், நாளுக்கு 1,200 மீட்டர் நீந்துகிறவர் அதில் 250, 300 மீட்டரை இந்தப் பயிற்சிகளுக்கு ஒதுக்கினால் போதும். அதுவும் தொடக்கத்தில், கால் களைப்பதற்கு முன். களைத்த கால் பழைய தவறையே பழகும்.

குறுந்தூரப் போட்டிக்குத் தயாராகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 50 மீட்டரில் கால் ஓய்வெடுக்க இடமில்லை. அவர்களுக்கு 25 மீட்டர் முழுவேக கிக், 40 நொடி ஓய்வு, எட்டு முறை என்ற செட் வாரம் இரண்டு நாள் வேண்டும். நேரத்தைக் குறித்துக்கொண்டு, எட்டாவது முறையும் முதல் முறையும் இரண்டு நொடிக்குமேல் விலகாத வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். குதித்த பிறகும் திரும்பிய பிறகும் 15 மீட்டர்வரை தண்ணீருக்கடியில் போக விதி அனுமதிக்கிறது; அந்தத் தூரத்தில் இரு காலையும் சேர்த்து அடிக்கும் டால்பின் கிக் தனியாகப் பழக வேண்டிய வித்தை.

கிக் பயிற்சியைக் கூட்டும் முதல் வாரங்களில் பாதமும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்வது சாதாரணம். விரலை இறுக்கி நீட்டுவதால் கெண்டைக்கால்தசை ஓயாமல் சுருங்கியே இருக்கிறது, அதுதான் காரணம். பாதம் நீண்டிருக்க வேண்டும், இறுகியிருக்கக் கூடாது. தண்ணீரே அதை நீட்டிவிடட்டும். பிடித்துவிட்டால் சுவரையோ லேன் கயிற்றையோ பற்றிக்கொண்டு மல்லாந்து, முழங்காலை நேராக்கி, கால்விரல்களை முழங்கால் பக்கம் இழுத்து 30 நொடி வைத்திருங்கள். தசை இளகியதும் மெல்ல நீவிவிடுங்கள். அதே இடத்தில் இரண்டாவது முறையும் பிடித்தால் அன்றைய கிக் செட்டை அதோடு நிறுத்திவிட்டு, மிச்சத் தூரத்தைப் புல் பாயோடு முடித்துக்கொள்ளலாம்.